ஆர்க் எப்போது ‘நான்’ ஆனது?

1974-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. மரப்பலகை மாதிரி தெரியும் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். முதல் தடவை அச்சடித்தது 1000 பிரதிதான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் எழுதிய அந்த விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. இனி சுருக்கமாக டி அண்ட் டி.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில்: நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் நடுவர், அவர்தான் கதையின் உலகத்தை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ‘கதவை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இன்று கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் வருகிற பெரும்பாலான ரோல்பிளேயிங் கேம்களுக்கு மூதாதை இந்தப் பெட்டிதான்.

அந்த கேம்களைத் திறந்ததும் ஒரு திரை வரும் இல்லையா? ‘உன் இனத்தைத் தேர்ந்தெடு’ என்று. மனிதன், எல்ஃப், டுவார்ஃப், ஆர்க் என்று வரிசையாக நிற்பார்கள். இந்தக் குறிப்பு அந்த ஒரு திரையின் வரலாறு. 50 ஆண்டுகளாக அதை அடிக்கடி மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் என்று பழைய விதிப்புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாலாவது மாடி வரைதான்

1974 பெட்டியில் விளையாடக் கிடைத்த இனங்கள் நான்கு: மனிதன், டுவார்ஃப், எல்ஃப், ஹாபிட். தொழில்கள் மூன்று: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி.

மனிதன் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. டுவார்ஃப் சண்டைக்காரனாக மட்டும்தான் ஆக முடியும், அதிலும் 6-வது லெவலோடு சரி. எல்ஃப் சண்டையில் 4, மந்திரத்தில் 8. ஹாபிட் பாவம், சண்டைக்காரனாக 4-வது லெவலோடு முடிந்தது. பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் உனக்கு நாலாவது மாடி வரைதான் என்கிற மாதிரி.

ஏன் இந்த உச்சவரம்பு? எல்ஃப் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும், மந்திரமும் வாளும் இரண்டும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிற உலகத்தில் மனிதர்கள் எப்படி ராஜாக்களாக இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் பதில் வேண்டும். கைகாக்ஸ் தந்த பதில் இதுதான்: மற்றவர்கள் சீக்கிரம் நின்றுவிடுவார்கள், மனிதன் மேலே மேலே போவான். 1979-ல் நடுவர்களுக்காக எழுதிய கையேட்டில் இதை வெளிப்படையாகவே வாதிட்டிருக்கிறார். விளையாடுகிறவர்கள் மனிதர்கள், ஆகவே உலகமும் மனிதனை மையமாகக் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அரக்கர்களாக விளையாட ஆசைப்படுபவர்களில் பெரும்பாலானவர்கள் பலத்துக்காகத்தான் கேட்கிறார்கள் என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது.

ஆனால் அதே கைகாக்ஸ் 1974 புத்தகத்தில் வேறொரு சின்னப் பத்தியும் வைத்திருந்தார். ஆட்டக்காரர் எதுவாக வேண்டுமானாலும் விளையாடலாம், பலவீனமான நிலையில் தொடங்கி வளர வேண்டும், அவ்வளவுதான் என்று. டிராகனாக ஆசையா? இளம் டிராகனாகத் தொடங்கு. கதவைச் சாத்தியவரே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார். அடுத்த 50 ஆண்டு வரலாறு அந்த ஜன்னல் வழியாக யார் யார் உள்ளே ஏறி வந்தார்கள் என்பதுதான்.

ஏன் இது பிடிக்கிறது

குறைகளுக்குப் போகுமுன் ஈர்ப்பைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாவிட்டால் 50 ஆண்டு யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

முதலாவது, சுருக்கெழுத்து. புதிதாக விளையாட வந்தவரிடம் ‘உன் பாத்திரம் எப்படிப்பட்டவன்?’ என்று கேட்டால் திணறுவார். ‘டுவார்ஃப்’ என்று சொன்னால் போதும். தாடி, கோடாரி, சுரங்கம், பாட்டன் காலத்துப் பகை எல்லாம் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் அவர் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, வேறொரு உடம்பு. 1978 விதிகளில் டுவார்ஃப் இருட்டில் உடல்சூட்டைப் பார்க்கும். 2002-ல் வந்த ‘மாரோவிண்ட்’ கம்ப்யூட்டர் கேமில் ஆர்கோனியன் என்கிற பல்லி மனிதர்கள் தண்ணீருக்கடியில் மூச்சு விடலாம், ஆனால் அவர்கள் பாதத்துக்கு பூட்ஸ் ஏறாது. இந்த மாதிரி விஷயம் சின்னதுதான், ஆனால் விளையாடும்போது பெரிய சந்தோஷம். எல்லோரும் படகு தேடி அலையும்போது நீங்கள் பாட்டுக்கு ஆற்றில் இறங்கிப் போய்விடலாம். நல்ல பூட்ஸ் கிடைத்தால் பெருமூச்சு விட்டுவிட்டு விற்க வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் ஆழமானது. வெளியாளாக இருப்பது எப்படி என்று உள்ளேயிருந்து பார்ப்பது. ‘டிராகன்லான்ஸ்’ நாவல் வரிசையில் (முதல் நூல் 1984) டேனிஸ் என்று ஒரு பாதி எல்ஃப் வருவான். எல்ஃப்களிடம் வளர்ந்தவன், அவர்களுக்கு அவன் மனிதன். மனிதர்களுக்கு அவன் எல்ஃப். புலம்பெயர்ந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளும், இரு வேறு சமூகத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்களும் இந்தப் பாதி எல்ஃபைக் கட்டிக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. 2017-ல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற அமெரிக்கத் தரவு இதழியல் தளம், இணையத்தில் ஆட்டக்காரர்கள் உருவாக்கிவைத்த டி அண்ட் டி பாத்திரங்களைக் கணக்கெடுத்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்த ஜோடி: மனிதன், சண்டைக்காரன். இத்தனை கதவுகளைத் திறந்து வைத்தும் கூட்டம் முதல் கதவில்தான். அப்படியிருந்தும் மற்ற கதவுகளைப் பற்றித்தான் இவ்வளவு தகராறும்.

1978-ன் அட்டவணைகள்

1978-ல் ‘அட்வான்ஸ்டு’ டி அண்ட் டி-யின் ஆட்டக்காரர் கையேடு வந்தது. அட்டவணைகளின் பொற்காலம் என்று சொல்லலாம். நான் பிழைப்புக்கு புரோகிராம் எழுதுகிறவன், அதனால் எனக்கு அட்டவணை பிடிக்கும். ஆனால் இதில் சில அட்டவணைகளைப் படிக்கும்போது வேறு ஏதோ அரசாங்க ஆவணத்தைப் படிக்கிற உணர்வு வரும்.

எந்த இனம் எந்த இனத்தை எப்படிப் பார்க்கும் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். விருப்பம், நல்லெண்ணம், சகிப்பு, அக்கறையின்மை, கசப்பு, வெறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. டுவார்ஃபுக்கும் பாதி ஆர்க்குக்கும் நடுவே வெறுப்பு. பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைவான உச்சவரம்பு. இது 1989 பதிப்பில்தான் போனது.

இந்தப் புத்தகத்தில்தான் பாதி ஆர்க் முதன்முதலாக விளையாடக்கூடிய இனமாக வந்தது. வந்த விதத்தைப் பாருங்கள். ஆர்க்-மனிதக் கலப்பில் பிறந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மனிதன் என்று சொல்லி ஊருக்குள் நடமாடும் அளவுக்கு மனிதச் சாயலோடு இருப்பார்களாம். ஆட்டக்காரரின் பாத்திரம் அந்த மேலான பத்து சதவீதத்தைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

அமெரிக்க வரலாறு கொஞ்சம் தெரிந்தவருக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். வெளிர்நிறம் கொண்ட கறுப்பின மக்கள் சிலர் தங்களை வெள்ளையர் என்று காட்டிக்கொண்டு வாழ்ந்த நீண்ட சோகக் கதை அங்கே உண்டு. அதைத்தான் எழுதுகிறோம் என்று நினைத்து கைகாக்ஸ் எழுதியிருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த நாட்டில் ‘கலப்பு’ என்று யோசிக்கத் தொடங்கினால் மனம் தானாகப் போய்ச் சேரும் தடம் அது.

1981-ல் டாம் மால்ட்வே தொகுத்த ‘பேசிக்’ பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் மனிதர்களுக்கு மட்டும்தான் தொழில். எல்ஃப் என்றால் அதுவே தொழில், டுவார்ஃப் என்றால் அதுவே தொழில். எல்ஃப் 10-வது லெவல் வரை, டுவார்ஃப் 12, ஹாபிட் 8. (இதற்குள் ‘ஹாபிட்’ என்ற பெயர் போய்விட்டது. டோல்கீன் கதைகளின் வணிக உரிமை வைத்திருந்தவர்கள் 1970-களின் கடைசியில் எச்சரிக்கை விடுக்க, அது ‘ஹாஃப்லிங்’ ஆனது.) கற்றுக்கொள்ள எளிது, பக்கமும் மிச்சம். பிறப்பே தொழில் என்கிற விதி எவ்வளவு சிக்கனமானது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆர்க் எங்கிருந்து வந்தது

டோல்கீனின் தாக்கம் மேலோட்டமானதுதான் என்று கைகாக்ஸ் 1985-ல் கட்டுரையே எழுதினார். இருக்கட்டும். ஆர்க் என்னும் உயிரினத்தை நாம் அறிந்த வடிவில் கொடுத்தவர் டோல்கீன்தான்.

1958-ல், தன் நாவலுக்கு எழுதப்பட்ட ஒரு திரைக்கதையைத் திருத்தும்போது, ஆர்க்குகள் எப்படி இருக்கும் என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் விவரிக்கிறார். சப்பை மூக்கு, மஞ்சள் பாய்ந்த தோல், சாய்ந்த கண்கள். ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றதாகத் தெரியும் மங்கோலிய முகத்தின் சீரழிந்த வடிவம் என்பது அதன் சாரம். ‘ஐரோப்பியர் கண்ணுக்கு’ என்று அவரே சேர்த்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே மனிதர் 1938-ல் வேறு மாதிரி. ‘ஹாபிட்’ நூலை ஜெர்மனியில் வெளியிட விரும்பிய பதிப்பகம், நீங்கள் ஆரிய வம்சாவளியா என்று கேட்டுக் கடிதம் போட்டது. ஆரியம் என்பது இந்தோ-ஈரானியத்தைக் குறிக்கும் சொல், என் முன்னோர் யாரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதாக எனக்குத் தெரியாது என்று நக்கலாகப் பதில் வரைவு எழுதினார். நாஜி இனக்கொள்கையை வெறுத்தவர்தான். ஆர்க்குகள் முழுக்க முழுக்கத் தீயவையா, அவற்றுக்கு மீட்சி உண்டா என்ற கேள்வி கடைசிவரை அவரைக் குடைந்தது. கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவருக்கு, பிறவியிலேயே மீளமுடியாத தீமை என்பது இடிக்கிற கருத்து. தீர்வு காணாமலேயே 1973-ல் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டே அந்தக் கேள்வி ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. நாவலில் ஆர்க் எப்போதும் ‘அவை’. ‘அவை கூட்டமாக வந்தன’, ‘அவை கொன்றன’. விளையாட்டில் ஒருநாள் யாராவது ‘நான் ஆர்க்காக விளையாடுகிறேன்’ என்று சொல்வார். அந்த நொடியில் இலக்கணத்தில் ஒன்று மாறுகிறது. படர்க்கை தன்மையாகிறது. ‘அவை’ பற்றிக் கூச்சமில்லாமல் எழுதிவைத்த வாக்கியங்கள் ‘நான்’ என்று தொடங்கும்போது வாயில் வருவதில்லை. இந்த 50 ஆண்டுத் திருத்தங்களை என் கண்ணுக்கு விளக்குகிற ஒரே சாவி இதுதான்.

டிரௌ மேலே வந்த கதை

மிகத் தெளிவான உதாரணம் டிரௌ. 1978-ல் வந்த சாகசப் புத்தகங்களில் இவர்கள் எதிரிகள். பாதாளத்தில் வாழும் எல்ஃப்கள், சிலந்தி தெய்வத்தை வணங்குபவர்கள், பெண்கள் ஆளும் சமூகம். கொடூரமானவர்கள், கறுத்த தோல். ஒளியில் வாழும் நல்ல எல்ஃப்கள் வெளுத்தவர்கள், இருளில் வாழும் கெட்ட எல்ஃப்கள் கறுத்தவர்கள். இதில் என்ன இடிக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1985-ல் ‘அனர்த்ட் ஆர்க்கானா’ என்ற துணைநூல் டிரௌவை ஆட்டக்காரருக்குத் திறந்துவிட்டது. 1988-ல் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய நாவலில் டிரிஸ்ட் என்கிற டிரௌ வந்தான். தன் மக்களின் கொடுமையைப் பொறுக்காமல் மேலுலகத்துக்கு ஓடிவந்தவன், தோலைப் பார்த்தே கதவைச் சாத்தும் ஊர்களில் நல்லவனாக வாழ முயல்பவன். அபாரமான வெற்றி. அதற்குப் பிறகு எந்த மேஜையில் பார்த்தாலும் ‘நல்ல டிரௌ’தான் என்று நடுவர்கள் புலம்பும் அளவுக்குப் போனது.

இதில் இரண்டு விஷயம் சேர்ந்தே நடக்கிறது. ஒரு தனி ஆளுக்கு மனசாட்சி கிடைக்கிறது. ஆனால் அவன் ‘விதிவிலக்கு’. அவன் எவ்வளவு நல்லவனோ அவ்வளவுக்கு மற்றவர்கள் கெட்டவர்கள் என்பது உறுதிப்படுகிறது. ‘நீ அவங்க மாதிரி இல்லப்பா’ என்று பாராட்டுவது போலச் சொல்லும் வாக்கியத்தை வாழ்க்கையில் கேட்டவர்களுக்கு இந்தப் பொறி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ட்ரோல்களுக்கு ஒரு வரலாறு

வேறு வழி அப்போதே இருந்தது. 1976-ல் கென் செயிண்ட் ஆண்ட்ரே ‘மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்!’ என்று ஒரு விளையாட்டு எழுதினார். அதில் நீங்கள்தான் அரக்கர்கள், மனித ஊரைச் சூறையாடப் போகிறீர்கள். பெரும்பாலும் கேலி. ஆனால் கேலிக்காகவாவது மேஜையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள்.

கேலியில்லாமல் செய்தது 1982-ல் கேயாஸியம் நிறுவனம் ‘ரூன்குவெஸ்ட்’ விளையாட்டுக்காக வெளியிட்ட ‘ட்ரோல்பேக்’. சாண்டி பீட்டர்சன், கிரெக் ஸ்டாஃபோர்ட் இருவரின் கைவண்ணம். அதில் ட்ரோல்கள் தங்களை ‘உஸ்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஆதியில் பாதாள இருளில் சுகமாக இருந்தவர்கள். மேலே கடவுள்களின் சண்டையில் சூரியக் கடவுள் கொல்லப்பட்டு, செத்தவர் உலகமான பாதாளத்துக்கு வந்து சேர்கிறார். அந்த ஒளி இவர்கள் வீட்டை எரிக்கிறது. தப்பி மேலே ஓடி வருகிறார்கள். அதாவது அகதிகள். பின்னொரு போரில் ஒரு சாபம் விழுகிறது. அன்றிலிருந்து ட்ரோல் தாய்களுக்கு நலிந்த, குறுகிய குழந்தைகளே அதிகம் பிறக்கின்றன. அந்தச் சாபத்தை நீக்குவதுதான் அந்தச் சமூகத்தின் தீராத ஏக்கம்.

இவர்கள் ஒன்றும் சாதுக்கள் இல்லை. எதையும் தின்பார்கள், உங்களையும்தான். இருட்டில் ஒலியால் பார்ப்பார்கள். மனிதனிலிருந்து நிஜமாகவே வேறானவர்கள். ஆனால் அந்த வேறுபாடு முழுக்க உடம்பிலும் சாப்பாட்டிலும் தெய்வத்திலும் துக்கத்திலும் இருக்கிறது. ‘நான் ட்ரோல்’ என்று ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குப் பேச விஷயம் இருக்கிறது. இதைப் படித்தபின் ட்ரோலைக் கொல்ல முடியாது என்றில்லை, யாரைக் கொன்றோம் என்று தெரிந்துவிடும்.

ஐந்து சதவீதக் கணக்கு

1997-ல் டி அண்ட் டி-யை விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு. லெவல் உச்சவரம்பு ஒழிந்தது, எந்த இனமும் எந்தத் தொழிலும் எடுக்கலாம். 1989 பதிப்பின் கையேட்டிலிருந்து காணாமல் போயிருந்த பாதி ஆர்க் திரும்பி வந்தது. பெரிய சீர்திருத்தம்தான். ஆனால் பாதி ஆர்க்கின் கணக்கு இப்படி: வலிமை +2, அறிவு −2, வசீகரம் −2. ஒவ்வோர் இனத்துக்கும் ‘உகந்த தொழில்’ என்று ஒன்றும் உண்டு. எல்ஃபுக்கு மந்திரம், டுவார்ஃபுக்குச் சண்டை, பாதி ஆர்க்குக்குக் காட்டுமிராண்டி வீரன்.

இந்த −2 எவ்வளவு பெரிது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். திறன் எண்ணில் 2 குறைந்தால் பகடையில் கூட்டும் எண்ணில் 1 குறையும். பகடைக்கு 20 முகம். ஆக 20-ல் 1, அதாவது 5 சதவீதம். ஒரு சாயங்காலம் முழுக்க விளையாடினாலும் அறிவுக்காகப் பகடை உருட்டுவது சில தடவைதான். பல நாட்களில் இந்த −2 ஒரு முடிவைக்கூட மாற்றாது.

அப்படியானால் ஏன் இவ்வளவு கோபம்? விளையாட்டுக்கு அது 5 சதவீதம், விதிப்புத்தகத்துக்கு அது ஒரு வாக்கியம். ‘இந்த மக்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள்’ என்று ஆசிரியர் குரலில், அட்டவணையில், புவியீர்ப்பு விசைபோல எழுதியிருக்கிறது. கதையில் ஒரு பாத்திரம் அப்படிச் சொன்னால் அவனை மறுக்கலாம், அடிக்கலாம். விதியை மறுக்க முடியாது. புரோகிராம் பாஷையில் சொன்னால், இது பயனர் எழுதும் கமெண்ட் இல்லை, மாற்ற முடியாத மாறிலி.

நடைமுறை விளைவும் உண்டு. கணக்குப் பார்க்கிற ஆட்டக்காரர் 5 சதவீதத்தையும் விடமாட்டார். ஆகவே மந்திரவாதி வேண்டுமென்றால் எல்ஃப், முரடன் வேண்டுமென்றால் பாதி ஆர்க். ‘எந்தத் தொழிலும் எடுக்கலாம்’ என்று சட்டம் சொன்னாலும் மேஜையில் பிறப்புக்கேற்ற தொழில்தான் நடந்தது.

2008-ன் நான்காம் பதிப்பு கழித்தல் குறிகளை எடுத்துவிட்டது. 2014 கையேட்டிலும் இல்லை. ஆனால் 2016-ல் வந்த ‘வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்’ ஆர்க்கை ஆட்டக்காரருக்குத் திறந்தபோது அறிவு −2 மறுபடி வந்தது. கூடவே ஒரு விளக்கம்: தன் சமூகத்துக்கு வெளியே வளர்க்கப்பட்ட ஆர்க்குக்கு அன்பும் இரக்கமும் ஓரளவுக்கு வரலாம், ஆனால் எவ்வளவு பழக்கினாலும் ரத்தவெறி தோலுக்கடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்கிற பொருளில்.

இந்த வாக்கியத்தின் தொனி நமக்குப் புதிதா? 1871-ல் பிரிட்டிஷ் அரசு இங்கே கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின் தொனி இதே. குற்றம் ரத்தத்தில் இருக்கிறது, ஆளைத் திருத்தலாம், முழுக்க நம்பக்கூடாது. 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் சமூகம் சமூகமாகக் கைரேகை எடுத்தார்கள். சுதந்திரத்தை ஒட்டித்தான் அது ஒழிந்தது. 2016-ல் எழுதியவர்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் ஆங்கிலத்தில் ‘பழக்கப்படாத மக்களை’ப் பற்றி எழுத உட்கார்ந்தால் கைக்கு எளிதாக வரும் வாக்கியங்கள் அந்தக் காலத்தில் செதுக்கப்பட்டவை.

உடுப்பு மாற்றிய நிஜ மனிதர்கள்

கம்ப்யூட்டர் கேம்களில் இன்னொரு பள்ளம். 2004-ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ எட்டு இனங்களோடு தொடங்கியது. நாலு ஒரு பக்கம், நாலு மறுபக்கம். ஆர்க்குகளை மானமுள்ள, அடிமைப்பட்டு மீண்ட சமூகமாகக் காட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதன் ட்ரோல்கள் ஜமைக்கா உச்சரிப்பில் பேசும். மாட்டுத்தலை கொண்ட டோரன் இனம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் கூடாரமும் கம்பமும் வைத்துக்கொண்டு வாழும். எதிரணியிலோ ஐரோப்பியச் சாயல்.

ஒரு கற்பனை இனத்துக்குச் சட்டென்று உயிர் கொடுக்க நிஜ மக்களின் உச்சரிப்பையும் உடையையும் கடன் வாங்குவது சுலபம். வாங்கியவர் திருப்பித் தருவதில்லை. ஜமைக்காக்காரர் ஒருவர் விளையாட வந்தால், மனிதர்கள் வரிசையில் தன் குரல் இல்லை, தந்தம் முளைத்த வரிசையில் இருக்கிறது என்று கண்டுகொள்வார்.

2022-ல் டி அண்ட் டி-யே இதில் மாட்டியது. ‘ஸ்பெல்ஜாமர்’ தொகுப்பில் ஹடோஸி என்று குரங்கு போன்ற ஓர் இனம். ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, விற்கத் திட்டமிட்டான், அவன் சீடர்கள் இரக்கப்பட்டு விடுவித்தார்கள் என்று பூர்வகதை. குரங்கு, அடிமை, பிறர் தந்த விடுதலை: அமெரிக்காவில் இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தமாகும் என்று அச்சுக்குப் போகுமுன் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது.

2020 முதல் 2024 வரை

2020 ஜூனில், அமெரிக்கத் தெருக்களில் இனவெறிக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, விஸார்ட்ஸ் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஆர்க், டிரௌ ஆகியோரைச் சித்திரித்த விதம் நிஜ உலகில் மக்களை இழிவுசெய்த விதத்தை ஒத்திருந்தது என்று ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த நூலில், இனத்தோடு வரும் கூட்டல் எண்களை எங்கு வேண்டுமானாலும் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்ற விதி வந்தது. 2022 டிசம்பரில் ‘இனம்’ என்று நாம் சொல்லும் அந்த ஆங்கிலச் சொல்லையே கைவிடப்போவதாக அறிவித்து, உயிரியலில் வரும் ‘ஸ்பீஷீஸ்’ என்ற சொல்லைத் தேர்ந்தார்கள். (போட்டி விளையாட்டான ‘பாத்ஃபைண்டர்’ 2019-லேயே ‘மூதாதை மரபு’ என்கிற பொருளில் வேறு சொல்லுக்குப் போய்விட்டது. என் காதுக்கு அதுவே மேல்.)

2024 கையேட்டில் ஆர்க் முழு உரிமையோடு ஆட்டக்காரர் இனமாக அச்சேறியது. முதல் பெட்டி வந்து சரியாக 50 ஆண்டு. கழித்தல் எண் இல்லை, ரத்தவெறி இல்லை. திறன் எண்கள் இப்போது பிறப்பிலிருந்து வருவதில்லை, பாத்திரம் முன்பு பார்த்த வேலையிலிருந்து வருகின்றன.

நல்லதுதானே என்று அட்டவணையைப் புரட்டினேன். விவசாயி: வலிமை, உடல்திடம், விவேகம் இவற்றில் கூட்டிக்கொள்ளலாம். பிரபு: வலிமை, அறிவு, வசீகரம். அதாவது அச்சிட்ட பட்டியல்படி பிரபு வீட்டுப் பிள்ளை அறிவைக் கூட்டிக்கொள்ளலாம், விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. நடுவர் மனது வைத்தால் புதிய பின்னணி உருவாக்கிக்கொள்ளலாம், அது வேறு. ஆனால் பழைய பிரச்சினை வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த தெருவில் குடியேறியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதே கையேட்டில் பாதி எல்ஃபும் பாதி ஆர்க்கும் இல்லை. ‘பாதி’ என்று சொல்வதிலேயே இழிவு இருக்கிறது என்பது ஒரு நியாயம். ஆனால் டேனிஸைப் பார்த்து ‘இது என் கதை’ என்று கட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்களே? அவர்கள் கேட்டது அந்த இடத்தை மரியாதையாக எழுதச் சொல்லி. கிடைத்தது காலி இடம்.

எனக்குத் தோன்றுவது

இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. பிறப்புக்கு மதிப்பெண் போட்டால் ஒரு பக்கம் விழுகிறோம். எல்லா வேறுபாட்டையும் வழித்துத் துடைத்துவிட்டால், எல்லா இனமும் காது மட்டும் மாறிய மனிதர்கள் ஆகிவிடும். அப்புறம் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

நடுவில் பாதை உண்டு என்பதற்கு எனக்கு ட்ரோல்பேக் சாட்சி, பூட்ஸ் போடமுடியாத ஆர்கோனியனும் சாட்சி. உடம்பு வேறாக இருக்கட்டும், எவ்வளவு வேறாக வேண்டுமானாலும். சாப்பாடு, சாவுச் சடங்கு, வரலாறு, கடவுள் எல்லாம் வேறாக இருக்கட்டும். புத்தியையும் நல்ல குணத்தையும் மட்டும் பிறப்போடு கட்டிப்போட வேண்டாம். அவை அந்த நாற்காலியில் உட்காருகிறவரின் பொறுப்பு.

சொந்தமாக உலகம் எழுதிப் பார்க்கிற நண்பர்களுக்கு நான் சொல்கிற சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் இனத்தைப் பற்றி எழுதிய பத்தியை எடுத்து, ‘அவர்கள்’ வருகிற இடத்தில் எல்லாம் ‘நாங்கள்’ என்று போட்டு, சத்தமாகப் படியுங்கள். ‘நாங்கள் இருட்டில் பார்ப்போம்’, ‘நாங்கள் செத்தவரைப் புதைப்பதில்லை, உண்போம்’, ‘எங்கள் வீட்டைச் சூரியன் எரித்தது’: மூன்றையும் ஒரு மனிதர் மேஜையில் உட்கார்ந்து சொல்ல முடியும், நடுவாக்கியம் கொஞ்சம் பயமுறுத்தினாலும். ‘நாங்கள் பிறவியிலேயே மந்தமானவர்கள்’ என்று படிக்கும்போது குரல் தடுமாறினால், அந்த வரியை எழுதியது அந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை, வெளியே நின்று பார்த்த யாரோ. அந்த வரியை அடித்துவிடலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் மிச்சமிருக்கிறது. ‘நல்லவன், கெட்டவன், ஒழுங்கு, குழப்பம்’ என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு முத்திரை குத்தும் வழக்கம். அது போல் ஆண்டர்சனின் நாவலிலிருந்து டி அண்ட் டி-க்கு வந்த கதை தனியாக எழுத வேண்டியது. அடுத்த குறிப்பு அதுதான்.